கோர்ட்டுக்குப் போகாத வக்கீல்

பாதி ஆயுசு கோர்ட்டில் வாதாடிச் சலித்துப்போன பொன்னுலிங்கம், சமரசம் பேசும் வேலையைக் கற்றுக்கொள்ள வந்தார். கோவில்பட்டியில் அதைச் சொல்லிக்கொடுக்க இருந்தவர் வக்கீல் ரெஜினா. வயதில் அவரைவிட ரொம்ப இளையவர். ஆனாலும் பொன்னுலிங்கம் அவர் முன்னால் மாணவராகத்தான் உட்கார்ந்தார்.

அவர் தனியாகப் பேசி முடிக்கவேண்டிய முதல் வழக்கு, சீனிராஜ், பவுன்ராஜ் என்ற அண்ணன் தம்பியுடையது. அப்பா விட்டுப்போன ஒரே வீடு இரண்டு பேருக்கும் வேண்டும். அண்ணன் கதவில் ஒரு பூட்டுப் போட்டான். தம்பி வந்து அதற்கு மேல் இன்னொன்று போட்டான். அந்த வீட்டில் இருந்த அம்மா பேச்சியம்மாள் தெருவுக்கு வந்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரர்கள்தான் படுக்க இடம் கொடுத்தார்கள்.

"கோர்ட்டுக்குப் போகாத வக்கீல் யாராச்சும் இருக்காங்களா?" என்று ஊரெல்லாம் விசாரித்து, காலைப் பிடிக்காத குறையாக மகன்களை ரெஜினாவின் ஆபீசுக்கு இழுத்து வந்தவளும் அவள்தான்.

பொன்னுலிங்கம் இருவரையும் வைத்துப் பல நாள் பேசினார். கடைசியில் சீனிராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"இனிமே கோர்ட்டுலயே பாத்துக்கிடுறேன்."

"பாரு. நானும் பாக்கேன்" என்றான் பவுன்ராஜ்.

ஆளுக்கொரு வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். அம்மாவை ஒருவனும் கூப்பிடவில்லை.

வெளியே பெஞ்சில் இருந்த பேச்சியம்மாள் பொன்னுலிங்கத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"முடிஞ்சுதாய்யா? பூட்டை எப்பத் தொறப்பாங்க?"

அவர் உள்ளே வந்து ரெஜினாவின் முன்னால் நின்றார்.

"எங்க தப்புப் பண்ணேன் மேடம்? யார் பக்கமும் சாயலையே. உங்களுக்கு என்ன வேணும்னு ரெண்டு பேரையும் தனித்தனியா கேட்டேன்."

"அந்தம்மாவ?"

"அப்பா எழுதுன உயில் மகன்க பேருக்கு. அதுல அவங்க பேரே கிடையாது மேடம்."

ரெஜினா ஜன்னல் வழியே பெஞ்சைப் பார்த்தார். அவர் பார்வையை விலக்கவே இல்லை.

பொன்னுலிங்கம் வெளியே போனார்.

"அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?"

பேச்சியம்மாள் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"என்னையாய்யா கேக்கீக?"

"உங்களைத்தான்."

அவள் யோசித்தாள். சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரியலையேய்யா. மொதல்ல என்னமோ இருந்துச்சு. இந்தப் பயலுக சண்டையில அது என்னன்னே மறந்துபோச்சு."

அவர் திரும்பி வந்தார்.

"கேட்டேன் மேடம். மறந்துபோச்சுங்கறாங்க. இனிமே நான் என்ன செய்ய?"

"பக்கத்துல போய் உக்காருங்க சார். ஞாபகம் வரட்டும்."

"வரலைன்னா?"

"அப்பவும் உக்காருங்க."