வளையாத மெழுகுவத்தி

“பணம் ஒரு கூரைக்குத்தான் இருக்கு. கேக்கிறது அஞ்சு வீடு. யாருக்கும்மா கொடுக்க?”

நல்லதம்பி இப்படிக் கேட்டபோது இசக்கியம்மா தன் வீட்டுக்கு எதிரே, கண்மாய்க்கரைப் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து பழைய ஓடுகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல சத்தம் கொடுத்தது ஒரு பக்கம், விரிசல் விட்டது ஒரு பக்கம்.

கேட்டவருக்கு அறுபத்திரண்டு வயது. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் செயலாளராக இருந்தவர். பதில் சொல்ல வேண்டியவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சித்தாளாகக் கல்லும் மண்ணும் சுமந்து, பிறகு கொத்தனார் கரண்டியைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டவர். வெயிலை உள்ளே விடாமல் கூரை போடத் தெரிந்த ஆள் அந்தக் கடற்கரையில் அவர் ஒருவர்தான்.

நரைத்த தலை போயும் போயும் ஒரு சித்தாளிடம் பாடம் கேட்கிறதே என்று ஊரில் சிரித்தார்கள். நல்லதம்பி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆயிரம் பேருக்குக் கடன் கொடுத்தாயிற்று, அதில் ஒரு வீடாவது குளிர்ந்ததா என்று போய்ப் பார்த்ததில்லை, அதைக் கற்றுக்கொள்ள வந்தேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

இருவரும் சேர்ந்து ஓர் உண்டியல் வைத்திருந்தார்கள். அதற்கு நிழல் உண்டியல் என்று பெயர். வீட்டில் நிழல் இருக்கிறவர்கள் மாதாமாதம் தங்களால் ஆனதைப் போடுவார்கள். நிழல் இல்லாதவர்கள் அதை வாங்கித் தகரத்தை இறக்கிவிட்டு ஓடு போட்டு, அடியில் பனையோலைத் தட்டி கட்டிக்கொள்வார்கள். வாங்கியதை மெல்ல மெல்லத் திருப்பினால் போதும். வட்டி என்று ஒரு காசு கிடையாது. அதற்குப் பதிலாக வீட்டுக்கு மேற்கே ஒரு மரம் வைத்து வளர்க்க வேண்டும்.

புயலில் வீடு போனவர்களுக்குக் கரையோரம் வரிசையாகத் தகர வீடுகள் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கேட்டிருந்தது அதில் ஐந்து வீடு. சித்திரை பிறந்துவிட்டது. இன்னும் பத்து நாளில் கத்திரி வெயில். இப்போது கூரை மாறாவிட்டால் மாறாததுதான்.

நல்லதம்பிக்கு இன்னொரு விஷயமும் சொல்ல இருந்தது. கரி வியாபாரி மாசானம் வந்து போயிருந்தான். உண்டியலை அப்படியே தன் கையில் கொடுத்தால் அடுத்த சித்திரைக்கு இரண்டு மடங்காகத் தருவதாகச் சொன்னான். பத்திரம் எழுதித் தருவான், ஜாமீனுக்கு நிலம் இருக்கிறது. ஒரு கூரை இரண்டு கூரையாகும்.

“அவனுக்கு எதுக்காம் பணம்?”

“கண்மாய்க்கரை மரங்களை ஏலம் எடுக்கப் பணம் பத்தலையாம். எடுத்து, வெட்டி, எரிச்சுக் கரியாக்கப் போறான்.”

“அதுல இந்தப் பூவரசு உண்டா?”

“உண்டு.”

இசக்கியம்மா எழுந்தார். ஓடுகளை மடியில் அள்ளிக்கொண்டு நாலடி தள்ளி வெயிலில் போய் உட்கார்ந்தார். எதிரே மணலைத் தட்டிக் காட்டினார். நல்லதம்பியும் போய் உட்கார்ந்தார்.

“இப்ப சொல்லுங்க அண்ணாச்சி. ரெண்டு மடங்குன்னீங்களே.”

அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். பத்திரம் வரைக்கும் வந்து சேரவில்லை. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. மணல் வேட்டியைத் தாண்டிச் சுட்டது. கொஞ்சம் நிழலுக்குப் போய்ப் பேசலாமே என்றார்.

“எந்த நிழலுக்கு?”

நல்லதம்பி மாசானம் கொடுத்த தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மாசானத்தின் பேச்சு அதோடு முடிந்தது.

அப்புறம்தான் இருவரும் மரத்தடிக்குத் திரும்பினார்கள்.

ஆனால் முதல் கேள்வி அப்படியே நின்றது. ஐந்து பேருமே தங்கள் வீடுதான் அடுப்பு என்கிறார்கள். சங்கத்தில் இருந்தவரைக்கும் இதற்கு நல்லதம்பி சுலபமாக ஒரு வழி வைத்திருந்தார். ஜாமீன் போட ஆள் வர வேண்டும். வந்தவர் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். யாருக்கு அப்படி ஆள் கிடைக்கிறதோ அவர்களுக்குக் கடன்.

இங்கேயும் நல்லதம்பி அதையே கேட்டிருந்தார். நாலு பேர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஐந்தாவது வீட்டுக்காரி செல்லக்கிளிக்கு அப்படி யாருமில்லை. புருஷன் கேரளத்துப் படகில் கூலிக்குப் போயிருந்தான். கையில் எட்டு மாதப் பிள்ளை. உண்டியலில் கேட்க வந்த அன்றைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. வாசலில் நின்றாள், திரும்பிப் போய்விட்டாள். பக்கத்து வீட்டு அந்தோணியம்மாதான், அவ நின்னதே கேட்ட மாதிரிதான், பேரை எழுதிக்கோங்க என்றாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இசக்கியம்மா கடைக்குப் போய் ஐந்து மெழுகுவத்தி வாங்கி வந்தார்.

“வீட்டுக்கு ஒண்ணு. காலையில கொடுங்க. சாயங்காலம் திருப்பி வாங்கிட்டு வாங்க.”

“எதுக்குன்னு கேட்டா?”

“எனக்கே தெரியாதுன்னு சொல்லுங்க.”

அது பொய் இல்லை. நல்லதம்பிக்கு நிஜமாகவே தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் வாங்கப் போனபோது தெரிந்துவிட்டது. முதல் வீட்டு வத்தி கொக்கியாக வளைந்திருந்தது. இரண்டாவது, முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. மூன்றாவது பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அரிவாள்மனையால் பெயர்த்துக் கொடுத்தார்கள். நாலாவது அந்தோணியம்மாவுடையது. கொளுத்தாமலே உருகுகிற வத்தியை எந்தக் கடையில் வாங்கினீர்கள், கடைக்காரன் நல்லா இருப்பானா என்று அவள் கேட்டாள்.

ஐந்தாவது, வாங்கின மாதிரியே நேராக இருந்தது.

செல்லக்கிளி அதை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தாள். கூடவே ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. அம்மாவைக் கும்பிட்டேன் என்று சொல்லச் சொன்னாள். அதுவும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

நல்லதம்பி நிமிர்ந்து நடந்து வந்தார். ஐந்தையும் இசக்கியம்மா முன்னால் வரிசையாக வைத்தார்.

“உங்க யோசனை புரிஞ்சு போச்சும்மா. வளைஞ்ச நாலு வீட்டுல ஒண்ணைப் பாத்துக்கிடுவோம். இந்தப் பொண்ணு வீடு குளுகுளுன்னு இருக்கு போல. கீரையைக் கொடுத்துக் காரியம் சாதிக்கப் பாக்கா. பேரை அடிச்சிட்டேன்.”

இசக்கியம்மா நேராக இருந்த வத்தியை எடுத்தார். பெருவிரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். அடிப்பக்கம் வந்ததும் விரல் நின்றது. அரிசி நொய் அளவுக்கு இரண்டு பள்ளம், பக்கத்தில் பக்கத்தில்.

“இது என்ன அண்ணாச்சி?”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “பல்லுத் தடம். எலியா இருக்கும்.”

இசக்கியம்மா கீரையை வீட்டுக்குள் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தார். வத்தியை நல்லதம்பி கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“நாளைக்கு நீங்களே கொண்டு போங்க. அவ எங்க வச்சாளோ அங்கேயே வைங்க. வச்சிட்டு, சாயங்காலம் வரைக்கும் பக்கத்துல இருங்க.”

அவர் போனார்.

ஆம்பளை இல்லாத வீடு என்பதால் அந்தோணியம்மாவும் வலையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தாள். கதவைத் திறந்தே வைத்தார்கள்.

பத்து மணிக்கே தகரம் சூட்டில் படபடவென்று சத்தம் போட்டது. பதினொரு மணிக்குக் கண்ணாடிச் சட்டம் காதைச் சுட்டது. நல்லதம்பி கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே போய் நின்று பார்த்தார். வெளியே தேவலை என்று இருந்தது.

வீட்டுக்கு நடுவில் சேலைத் தூளி தொங்கியது. தூளியைச் சுற்றி ஒரு பழைய வேட்டி, ஈரமாக. சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்கக் கீழே ஒரு சட்டி. சுவரோரம் ஆறு குடம். விடியுமுன்னே அரை மைல் நடந்து குழாயடியில் பிடித்துக்கொண்டு வந்தது என்று அந்தோணியம்மா சொன்னாள்.

“வத்தியை எங்கம்மா வச்சிருந்த?”

செல்லக்கிளி தூளியைக் காட்டினாள். பிள்ளையின் கால்மாட்டில்.

“அங்க எதுக்கு?”

அவள் வேட்டியின் ஓரத்தை இழுத்துவிட்டாள்.

“ஒப்படைச்ச பொருள் இல்லையா ஐயா. இந்த வீட்டுல எதுவும் கெடாம இருக்கிற இடம் அது ஒண்ணுதான்.”

நல்லதம்பி கையிலிருந்த வத்தியைப் பார்த்தார்.

அவளே தொடர்ந்து சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு. நேற்று அவள் துணியைப் பிழியத் திரும்பின நேரத்தில் பிள்ளை அதை எடுத்துக் கடித்துவிட்டானாம். இப்போதுதான் கீழ்வரிசையில் இரண்டு பல் முளைத்திருக்கிறது, எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகிறதாம். கெட்டுப்போன அளவுக்கு ஈடாகத்தான் கீரையாம். நம்பி ஒரு பொருளைக் கையில் கொடுத்தார்களே, அந்தச் சந்தோஷத்துக்கும் சேர்த்து.

எலி என்று சொன்னதை நல்லதம்பி யாரிடமும் சொல்லவில்லை.

அவர் வத்தியைப் பிள்ளையின் காலடியில் வைத்தார். பிள்ளை தூக்கத்தில் ஒரு தடவை உதைத்தான்.

வெற்றிலை மென்று துப்புகிற நேரம்தான், வேட்டி காய்ந்துவிடும். காய்ந்தால் பிள்ளை முகம் சிவந்து அழுவான். செல்லக்கிளி செம்பை எடுப்பாள், நனைப்பாள், விரிப்பாள். ஓரம் காய ஆரம்பித்திருக்கும். மறுபடி செம்பு.

சட்டி நிறைந்ததும் அதைக் கொண்டுபோய் மேற்குச் சுவரோரம் ஊற்றினாள். அங்கே ஒரு முருங்கைக் கம்பு நின்றது. துளிர்த்திருந்தது தெரிந்தது. இலை ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் பறித்தாயிற்று.

“இது எப்ப வச்சது?”

“மாசியில. நீங்க பேரு எழுதுனீங்களே, அன்னைக்கு.”

“பணமே இன்னும் கைக்கு வரலையே தாயி. மரம் அதுக்கப்புறம் வைக்கிறதுதானே?”

“அது வளர நாளாகும்லா ஐயா.”

வாசற்படியிலிருந்து அந்தோணியம்மா வலையை விட்டுத் தலையைத் தூக்கினாள். அவ நின்னுக்கிட்டே கஞ்சி குடிக்கிறவ, உக்காந்தா அந்தத் துணி காஞ்சிருமே என்றாள்.

நல்லதம்பி எழுந்தார். அவள் கையிலிருந்த செம்பை வாங்கினார்.

“நீ போய் உக்காந்து சாப்பிடு.”

அவள் தயங்கினாள். பெரியவர் கையில் செம்பைக் கொடுத்துவிட்டு எப்படி உட்காருவது என்று அந்தோணியம்மாவைப் பார்த்தாள். உக்காரு பிள்ள, சங்கத்துச் செயலாளர் தண்ணி தெளிக்கிறதை நாங்க வேற எங்க போய்ப் பாக்க என்றாள் அந்தோணியம்மா.

செல்லக்கிளி உட்கார்ந்தாள்.

அவர் நனைத்தார், பிழிந்தார், விரித்தார். காய்ந்தது. நனைத்தார். முப்பது வருஷம் எதையும் எண்ணாமல் விட்டவர் இல்லை. இதை எத்தனை தடவை செய்தோம் என்று எண்ணவில்லை.

அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நின்றாள். அன்றைக்கு முழுவதும் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“பங்குனி பிறந்ததிலிருந்து இன்னைக்குத்தான் ஐயா உக்காந்து குடிச்சேன். நீங்க நல்லா இருக்கணும்.”

நல்லதம்பி தூளியைத் தொட்டுப் பார்த்தார். வேட்டி காய்ந்திருந்தது. நனைத்தார். வெயில் இறங்குகிற வரைக்கும் அவள் கேட்டும் செம்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

சாயங்காலம் வத்தியோடு பூவரச மரத்தடிக்கு வந்தார். இசக்கியம்மா நல்ல ஓடுகளை அடுக்கி முடித்திருந்தார். ஒரு சின்ன வீட்டுக்குச் சரியாக இருக்கும்.

“வத்தி வளைஞ்சுதா?”

“இல்லம்மா.”

“அப்ப வீடு குளிர்ச்சிதானே?”

நல்லதம்பி இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிக் கிடந்தன.

இசக்கியம்மா அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சங்கத்தில் அவர் கேட்டிருக்கக்கூடிய அதே குரலில் கேட்டார்.

“வட்டி?”

“மாசியிலேயே கட்ட ஆரம்பிச்சிட்டா.”

“சரி. ஜாமீன் வேணுமே அண்ணாச்சி.”

நல்லதம்பி பேர் எழுதின தாளை எடுத்து, அடித்த பேரை மறுபடியும் எழுதினார். காற்றில் பறக்காதபடி அதன்மேல் மெழுகுவத்தியை வைத்தார். பல்லுத் தடம் மேலே தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார்.

“இருக்கும்மா. ரெண்டு இடத்துல கையெழுத்தும் போட்டிருக்கான்.”