பூங்கோதை பல் விளக்கினாள்

“பூங்கோதைக்குப் பல் விளக்க வராது டீச்சர்,” என்றாள் மரகதவல்லி. முந்தானை முழுக்கப் பேஸ்ட் நுரை.

காலமெல்லாம் பெரிய பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். இந்தச் சிறப்புப் பள்ளிக்குப் புதிது. தலைமை ஆசிரியை ஜீனத் அவளைவிட வயதில் சின்னவள். ஆனாலும் இங்கே அவள்தான் குரு.

“எதை முதல்ல சொல்லிக்கொடுத்தீங்க அக்கா?”

“மூடியைத் திறக்கத்தான். அங்கேயே நிக்கிறா. திறக்க வரலைன்னா டியூபைத் தூக்கி எறியுறா. கடைசியில ரெண்டு பேர் கையைப் பிடிச்சுக்கிட்டு நாங்களே விளக்கிவிடுறோம். ஈறெல்லாம் ரத்தம். சோத்தை மெல்ல முடியாம அழுவுறா.”

ஜீனத் எழுந்து கை கழுவும் அறைக்குப் போனாள். மரகதவல்லியும் பின்னாலேயே வந்தாள்.

பதினொரு வயது பூங்கோதை சுவரோரமாக வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஜீனத் அவளைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்துப் பூங்கோதையின் கை தானாக இறங்கியது.

ஜீனத் மூடியைத் திறந்தாள். பேஸ்ட் வைத்தாள். முன்பல்லில் மட்டும் மெதுவாக ஒரு தேய்ப்பு. பிறகு டம்ளரைப் பூங்கோதையின் கையில் கொடுத்தாள்.

“கொப்பளி.”

பூங்கோதை கொப்பளித்துத் துப்பினாள். பாதி ஜீனத்தின் புடவையில்.

“பல் விளக்கி முடிச்சிட்டா பூங்கோதை!” ஜீனத் கைதட்டினாள்.

அந்தப் பெண் திகைத்துப் பார்த்தாள். பிறகு அவளும் கைதட்டினாள்.

“எல்லாத்தையும் நீங்கதானே செஞ்சீங்க?” என்றாள் மரகதவல்லி.

“முடிச்சது யாரு?”



மறுநாள் முதல் மரகதவல்லி கொப்பளிப்பதை மட்டும் பூங்கோதைக்கு விட்டுவைத்தாள். அது பழகியதும் முன்பல் தேய்ப்பதை. அப்புறம் கடைவாய். ஒவ்வொரு காலையும் பூங்கோதை முடித்தாள். ஒவ்வொரு காலையும் கைதட்டல்.

பொங்கல் விடுமுறை வந்தது. திரும்பி வந்தவளுக்குப் பிரஷ்ஷைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை.

“எல்லாம் போச்சு டீச்சர்,” என்றாள் மரகதவல்லி.

“கொப்பளிக்கிறாளா?”

“அது மறக்கலை.”

“அப்ப அங்கேருந்து.”

மறுபடி அங்கேயிருந்து. ஈறு ஆறியது. மதியச் சோற்றோடு அப்பளத்தையும் நொறுக்க ஆரம்பித்தாள் பூங்கோதை.

வெயில் ஏறத் தொடங்கிய மாசியில் ஒருநாள், வழக்கம்போல மரகதவல்லி டியூபை எடுத்தாள். பூங்கோதை அதைப் பிடுங்கினாள். மூடியோடு மல்லுக்கு நின்றாள். முகம் சிவந்தது. உதவப் போன மரகதவல்லியை முறைத்தாள்.

மூடி திறந்தது.

ஜீனத்தின் அறைக்கு மரகதவல்லி ஓடியே வந்தாள். மூச்சு வாங்கியது. கண்ணில் நீர், முகமெல்லாம் சிரிப்பு.

“டீச்சர்! என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திட்டா டீச்சர்!”

“பின்னே?” என்றாள் ஜீனத். “நீங்க பல் விளக்கும்போது யாராவது பக்கத்துல நின்னா உங்களுக்குப் பிடிக்குமா அக்கா?”