பூவராகர் விழுங்கிய தோட்டம்

அன்று காலை என் கணவர் பொன்னாங்கண்ணிப் பொரியலை வாயில் போட்டதும், "உப்பு ஒரு கல் குறைகிறது" என்றார். நான் உப்பு ஜாடியோடு வருவதற்குள் சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு, "நாளைக்குப் பார்த்துப் போடு" என்று சொல்லிச் சபைக்குப் புறப்பட்டார். மாலையில் அவர் உடலைப் பல்லக்கில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

இப்போது ஊரில் ஆளுக்கொரு விதமாக அவர் கதைகளைச் சொல்கிறார்கள். தோட்டத்துக் கதையில், அவர் நஞ்சைத் தின்று பிழைத்தார் என்றுகூடச் சேர்த்துவிட்டார்கள். அன்று அங்கே அடுப்பு மூட்டியவள் நான். நடந்ததை எழுதிவைக்கிறேன். அவர் பெயரைச் சொல்லி எனக்கு வழக்கமில்லை. சபையில் அழைத்தபடி விகடர் என்றே எழுதுகிறேன்.

முன்னொரு காலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அரசருக்குச் செடிகள் மேல் தீராத ஆசை. பல நாடுகளிலிருந்து வரவழைத்துப் பெரிய தோட்டம் போட்டு, சுற்றிலும் மூங்கில் வேலி கட்டியிருந்தார். ஒரு முறை அண்டை நாட்டு அரசரிடம் விருந்துக்குப் போனபோது அவர், "எங்கள் தோட்டம் கண்ணுக்கு மட்டும். வயிற்றுக்கு அங்கே வேலையில்லை" என்று பெருமை பேசியிருக்கிறார். அந்தப் பேச்சு எங்கள் அரசர் மனத்தில் முள்ளாகத் தைத்துவிட்டது.

திரும்பி வந்த மறுநாள் தோட்டத்தில் உலாவியபோது, களை எடுக்கும் காத்தாயி மடி நிறையக் கீரையோடு எதிரே வந்தாள்.

"மடியில் என்ன?"

"கீரைங்க சாமி. பாத்தியில மொளச்ச களை. எடுத்தவங்க எடுத்துக்கிறது எங்க அம்மா காலத்து வழக்கமுங்க."

தோட்ட அதிகாரி பூவராகர் உடனே குனிந்தார். "அரசே, சித்திரைப் பௌர்ணமிக்கு அண்டை நாட்டு அரசர் வருகிறார். இந்நாட்டுப் பூந்தோட்டம் கூலிக்காரிகளின் குழம்புச் சட்டி என்று அவர் சொல்லிவிடக் கூடாதே!"

அரசர் முகம் சிவந்தது. அன்றே சபையில் ஆணை பிறந்தது: "வேலிக்குள் உண்ணத்தக்க செடி ஒன்றுகூட இருக்கலாகாது. அங்கிருந்து யாரும் உணவுக்கென ஓர் இலையும் எடுக்கலாகாது."

விகடர் களுக்கென்று சிரித்துவிட்டார்.

"என்ன சிரிப்பு, விகடரே?"

"நாளை அரசருக்கு அமுது எங்கிருந்து வரும் என்று யோசித்தேன், அரசே."

அவர் சொல்லுக்கு அரசர் செவிசாய்ப்பதைப் பூவராகர் நெடுநாளாகப் பொறுக்காதவர். வாய்ப்பை விடவில்லை. "சிரிப்பவரே செய்து காட்டட்டும் அரசே. பௌர்ணமியன்று வேலிக்குள் உண்ணத்தக்க செடி ஒன்று நின்றாலும் விகடர் பதவியை விட்டு விலகவேண்டும். களை எடுக்கும் பெண்களும் ஊரைவிட்டுப் போகவேண்டும். அவர்களுக்குப் பரிந்துதானே சிரிக்கிறார்?"

"அப்படியே" என்றார் அரசர்.

"சித்தம்" என்றார் விகடர். "ஒரே ஒரு விண்ணப்பம். எது உண்ணத்தக்கது என்பதில் நான் ஒன்று சொல்வேன், பூவராகர் ஒன்று சொல்வார். அவரே சாட்சியாக இருக்கட்டும். அவர் விழுங்கியது உண்ணத்தக்கது. அவர் மறுத்தது அலங்காரம்."

அரசர் மீசைக்குள் புன்னகைத்துச் சம்மதித்தார்.

மாலையில் காத்தாயி எங்கள் வாசலுக்கு வந்தாள். "ஐயா, கூலி நெல்லு கஞ்சிக்குத்தான் ஆவும். அந்தக் கீரை இல்லேன்னா புள்ளைங்க வெறுங்கஞ்சிதான் குடிக்கணும். இப்ப ஊரவிட்டே போவணுங்கறாங்களே!"

"போகவேண்டாம். பௌர்ணமி வரை வேலியை மட்டும் நன்றாகப் பார்த்துவை. எந்த மூங்கில் எங்கே ஊன்றியிருக்கிறது, எந்தக் கயிறு எப்படிக் கட்டியிருக்கிறது, எல்லாம் தெரிந்திருக்கட்டும்" என்றார் விகடர்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பதவியும் போய்விட்டால் நாம் எங்கே போவது?" என்றேன்.

"உன் பெரிய வாணலி எங்கே?" என்று கேட்டார்.

மறுநாள் தோட்டத்தின் நடுவே அடுப்பு மூட்டினேன். விகடர் ஒவ்வொரு பாத்தியாகப் பறித்துவர, நான் சமைக்க, பூவராகர் பலகையில் அமர்ந்து தின்றார். அகத்திப்பூவைத் தேங்காய் போட்டு வதக்கினேன். பூசணிப்பூவை மாவில் தோய்த்துப் பொரித்தேன். பூவராகர் தோட்டத்திலேயே காலம் கழித்தவர்தான். ஆனால் அவர் கண்ட பூ வேறு, அவர் இலையில் விழுந்த பொரியல் வேறு. இரண்டும் ஒரே செடி என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

"இதுவா அந்த வாழைப்பூ வடை?" என்று மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நீங்கள் போன வாரம் கோயில் விழாவில் ஏழெட்டு விழுங்கியதேதான்."

முதலில் நான் பயந்தேன். மறுத்துவிட்டால் எல்லாம் அலங்காரமாகிவிடும், காத்தாயிக்குக் கீரை ஏது? ஆனால் பூவராகர் கணக்கு வேறு. உண்ணத்தக்கவை கூடக்கூட, விகடர் பிடுங்கவேண்டிய செடிகளும் கூடும், பௌர்ணமிக்குள் முடிக்கமுடியாமல் அகப்பட்டுக்கொள்வார் என்று நினைத்தார். அதனால் ஆசையாகவே தின்றார்.

"தாமரைத் தண்டா? உண்ணத்தக்கது! பிடுங்கும்! செம்பருத்தியா? கொஞ்சம் துவர்ப்பு, ஆனாலும் உண்ணத்தக்கது! அம்மணி, அந்தத் தூதுவளைத் துவையல் இன்னும் ஒரு உருண்டை."

"மல்லிகை?" என்றார் விகடர்.

"மல்லிகையை எவன் தின்பான்?"

நான் பானைத் தண்ணீரில் ஒரு கைப்பிடி மல்லிகையைப் போட்டு மூடிவைத்தேன். வெயில் ஏறியதும் பூவராகரே கேட்டு வாங்கி, அண்ணாந்து மடமடவென்று குடித்தார். "அதுவும்தான்!" என்று ஏப்பம் விட்டார்.

அவர் விழுங்கிய ஒவ்வொரு செடிக்கும் காத்தாயியின் பெண்கள் மஞ்சள் கயிறு கட்டினார்கள். சில நாட்களில் தோட்டம் முழுவதும் மஞ்சள் கயிறாகிவிட்டது. கயிறு இல்லாதது ஒரே ஒரு மூலைதான். சிவன் கோயில் பூசைக்காக அங்கே அரளியும் எருக்கும் ஊமத்தையும் வளர்த்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு செங்காந்தள் கொடியும் படர்ந்திருந்தது. விகடர் ஓர் அரளிப் பூவைப் பறித்துப் பணிவோடு நீட்டினார்.

"இதையும் ஒரு வாய்?"

"என்னைக் கொல்லப் பார்க்கிறீரா!" என்று பூவராகர் பலகையோடு பின்னால் சாய்ந்தார்.

"அப்படியானால் இது அலங்காரம்."

பௌர்ணமிக்கு முந்தின நாள்வரை விகடர் ஒரு செடியைக்கூடப் பிடுங்கவில்லை. பூவராகர் சபையில் கைகளைத் தேய்த்துக்கொண்டார். பௌர்ணமியன்று பகல் அவர் விருந்தாளியை எதிர்கொள்ள எல்லைக்குப் போயிருந்தபோது, காத்தாயியும் பெண்களும் தோட்டத்தில் கூடினார்கள்.

மாலையில் அரசர், அண்டை நாட்டு அரசரோடு வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தோட்டத்தைச் சுற்றி வேலியில்லை. தொலைவில் ஒரு மூலையில், மூங்கிலெல்லாம் நெருக்கி நெருக்கி ஊன்றி, நாலு புதரைச் சுற்றி மட்டும் கோட்டைபோல வேலி நின்றது.

"விகடரே! எங்கே என் தோட்டம்?"

"அதோ, வேலிக்குள், அரசே."

"அது அரளிப் புதர்!"

"வேலிக்குள் உண்ணத்தக்கது ஒன்றும் இருக்கலாகாது என்பது ஆணை. சாட்சி விழுங்கிய அனைத்தும் இப்போது வேலிக்கு வெளியே. தங்கள் சாட்சி விழுங்க மறுத்தவை இவை மட்டுமே. ஐயமிருந்தால் பூவராகர் மறுபடி ஒரு வாய் சுவைத்துப் பார்க்கட்டும்."

பூவராகர் வேலியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

அரசர் முகத்தில் சினமேறியது. விருந்தாளி முன்னால் தலைகுனிவு என்று நினைத்தார் போலும். காத்தாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. வாணலியில் பொரித்து வைத்திருந்த பூசணிப்பூவைத் தட்டில் எடுத்து நீட்டினேன்.

அண்டை நாட்டு அரசர் ஒன்றை எடுத்துக் கடித்தார். இன்னொன்றை எடுத்தார். "இது எந்தச் செடி?" என்று கேட்டார்.

"தாங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் படர்ந்திருப்பதுதான்" என்றார் விகடர்.

அவர் திரும்பி மஞ்சள் பூக்களை நெடுநேரம் பார்த்தார். "அப்படியானால் என் தோட்டத்தில் நான் பட்டினி கிடந்திருக்கிறேன்!" என்றார்.

அதைக் கேட்டதும் எங்கள் அரசர் சிரிக்கத் தொடங்கினார். மகுடம் நழுவிக் காதில் தொங்கும்வரை சிரித்தார். "வேலிக்கு வெளியே இருப்பதற்கு என்ன பெயர், விகடரே?"

"தங்கள் சமையற்கட்டு, அரசே. அங்கே கீரை பறிக்க ஆணை தடுக்கவில்லை."

அரசர் தம் கைக்காப்பைக் கழற்றி விகடருக்கு அணிவித்தார். காத்தாயியைப் பார்த்து, "களை எடுத்தவர் மடிக்கே களை. உன் அம்மா காலத்து வழக்கம் என் காலத்திலும் நிற்கட்டும்" என்றார். பிறகு பூவராகரிடம், "இனி வேலிக்குள் இருப்பதற்கு மட்டும் நீர் அதிகாரி" என்றார். பூவராகர் அதற்கும் குனிந்தார். குனிந்த வாக்கில் தட்டில் ஏதும் மீதி இருக்கிறதா என்று பார்த்ததை நான் கவனித்தேன்.

அந்த வேலி இன்னும் அதே மூலையில் நிற்கிறது. அன்றிலிருந்து காத்தாயி வீடு திரும்பும்போதெல்லாம் எங்கள் வாசலில் ஒரு பிடி கீரை வைத்துவிட்டுப் போவாள். இன்றும் வைத்துவிட்டுப் போனாள். பொன்னாங்கண்ணி, இரண்டு பேருக்கு ஆகும் அளவு.