ஏரி வெட்டிய ராஜாவின் வாரிசு

மிராசுதார் வைரக்கண்ணு ஏரிக்குள்ளேயே வேலி போட்டுத் தென்னை வளர்த்து, அது தன் பாட்டன் சொத்து என்று சொல்லிவந்தார். அவருக்குத் திடீரென்று ராஜ வம்சத்தில் பிறந்தவராகிவிட ஆசை வந்தது. கோயிலில் விளக்கேற்றும் மாசிலாமணிக்குக் கல்வெட்டு படிக்கத் தெரியும். அவனைக் கூப்பிட்டு, “கோயில் சுவரில் என் மூதாதை யார் என்று கண்டுபிடி. இல்லாவிட்டால் இந்தப் பக்கமே தலைகாட்டாதே” என்றார்.

சுவரில் யார்தான் இருக்கிறார்கள் என்று அவனுக்கும் ஆவல். எழுத்து தெரியக் கல்லில் திருநீற்றைத் தேய்த்துத் தேய்த்துப் படித்தான். மறுநாள் ஊரே கூடிவிட்டது.

“நம்ம ஏரியை வெட்டின சேந்தன்னு ஒரு ராஜா இருக்காருங்க.”

“அவரேதான்யா எங்க பாட்டன்!” மிராசுதார் மீசையை முறுக்கினார்.

“மீதியையும் படிச்சிடறேனுங்க. ‘என் வம்சத்தார் வருஷந்தோறும் தங்கள் செலவில் இந்த ஏரியைத் தூர் வாரக் கடவர்.’”

மிராசுதார் மீசையிலிருந்து கையை எடுத்தார். “சேந்தனாவது கீந்தனாவது! நாங்க எங்கிருந்தோ பிழைக்க வந்தவங்கப்பா. அவருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?”

மாசிலாமணி தலையைச் சொறிந்தான். “அப்ப ஏரிக்குள்ள இருக்கிற தோப்பு மட்டும் எப்படிங்க உங்க பாட்டன் சொத்தாச்சு?”