கொசுறில் மயங்கிய ராஜா

வெகு காலத்துக்கு முன்னால் கொன்றையூர்ச் சீமையைக் கொற்றவேலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒன்று பிடிக்கும், மத்தியானம் வேறொன்று பிடிக்கும். பிடித்துவிட்டால் உடனே முத்திரை குத்திவிடுவான். யோசிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அவன் சபையில் வல்லபராயர் என்று ஒரு பிரபு. ஊர் நடுவே இருந்த கடைத்தெரு செழித்துக் கிடந்ததைப் பார்த்தாலே அவருக்கு வயிறு எரியும். "நேற்றுவரை கூடை சுமந்ததுகள், இன்று என் பல்லக்குக்கு வழிவிட யோசிக்கின்றன!" என்று புலம்புவார்.

ஒருநாள் அவர் ராஜா முன்னால் ஒரு படத்தை விரித்தார்.

"மகாராஜா, கோட்டைக்கு வெளியே என் தரிசு நிலத்தில் பெருஞ்சந்தை ஒன்று கட்டப்போகிறேன். உப்பு முதல் பட்டு வரை ஒரே கூரையின்கீழ் கிடைக்கும். கூடவே மக்களுக்கு ஒரு வைத்தியசாலை, ஒரு குளம், பிள்ளைகளுக்கு மைதானம். எல்லாம் என் செலவு!"

"குளத்தில் தாமரை உண்டா?"

"உண்டு மகாராஜா."

"மைதானத்தில் ஊஞ்சல்?"

"தங்களுக்கென்று தனி ஊஞ்சலே உண்டு!"

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆஹா! பதிலுக்கு உமக்கு என்ன வேண்டும்?"

"எனக்கென்ன? மக்கள் நலம் ஒன்றே போதும். ஒரே ஒரு சின்ன உத்தரவு மட்டும். சரக்கு வண்டிகள் கோட்டை வாசலைத் தாண்டக்கூடாது, என் சந்தையிலேயே இறக்கிவிட வேண்டும். ஊருக்குள் தூசி குறையும்."

"தூசி குறைந்தால் நல்லதுதானே! நாளைக்கே முத்திரை குத்துகிறேன்."

சபையில் பேசிய சேதி ஒன்றுவிடாமல் கடைத்தெருவுக்கு எட்டியது. வண்டி வராவிட்டால் சரக்கு ஏது, சரக்கில்லாவிட்டால் கடை ஏது? தெருவே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. ஒருத்திக்கு மட்டும் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவள் காய்க்கடை சடைச்சி. தெருத்தெருவாகக் கூடை சுமந்து, வாங்கிய வசவையெல்லாம் முதலாக்கிக் கடை போட்டவள்.

"சந்தை கட்டட்டும், அதுக்கு நான் பயப்படல. என் கடைக்குச் சரக்கே வராம செய்யறது என்ன நியாயம்? நேரா ராஜாகிட்டயே கேட்கறேன்."

"தலை போயிடும்டி!" என்றாள் பக்கத்துக் கடைக்காரி.

"கடை போனப்புறம் தலையை வச்சு என்ன செய்ய?"

மறுநாள் காலையில் கூடையோடு சபைக்குள் நுழைந்தாள். முத்திரை குத்த ராஜா கையைத் தூக்கியிருந்தான்.

"மகாராஜா, முத்திரை எங்கேயும் ஓடாது. கத்தரிக்காய் வாங்கிக்கிட்டு அப்புறம் குத்துங்க."

எண்ணெய்க் கத்தரிக்காய் என்றால் ராஜாவுக்கு உயிர். எட்டிப் பார்த்தான். காய் வாங்கினால் கைப்பிடி கறிவேப்பிலை கொசுறு போடுவதுதான் அந்த ஊர் வழக்கம். இவள் கூடையிலோ காயே கண்ணில் படவில்லை. கறிவேப்பிலை, கொத்துமல்லி, எலுமிச்சை, ஒரு கொத்து மாங்காய், மேலே மல்லிகைச் சரம்.

"இத்தனையும் கொசுறா?"

"கொசுறுதான் மகாராஜா. காய்க்கு மட்டும் ஒரு பொன் கொடுங்க."

கூடைக்கு ஒரு பொன்! கேட்டதும் எடுத்து நீட்டிவிட்டான். பேரம்கூடப் பேசவில்லை. இப்படியும் ஒருத்தன் காய் வாங்குவானா?

சமையற்காரர் வந்து கொசுறை ஒதுக்கி, அடியிலிருந்த காயை எடுத்தார். "ஐயோ மகாராஜா, அத்தனையும் புழு!"

"ஏய், என்னையே ஏமாற்றினாயா? யாரங்கே!"

சடைச்சி பொன்னைத் திருப்பி வைத்தாள். "இந்தாங்க. ஒரே ஒரு கேள்வி, அப்புறம் தலையை எடுங்க. வாங்கும்போது காயை ஏன் புரட்டிப் பார்க்கல?"

ராஜா திணறினான். "கொசுறு... நிறைய இருந்ததே."

"அதேதான்! நேத்து ராயர் இதே இடத்துல தாமரை, ஊஞ்சல்னு கொசுறை மேல பரப்பினார். அடியில இருந்த சரக்கு அந்த வண்டி உத்தரவு. அதைப் புரட்டிப் பார்த்தீங்களா? நாங்க கடையை மூடினா, நாளைக்கு அவர் வச்சதுதானே விலை?"

வல்லபராயர் எழுந்தார். "மகாராஜா, இவள் வைத்தியசாலையே வேண்டாம் என்கிறாள்!"

"வேண்டாம்னு யாருய்யா சொன்னது? என் மருமக நிறைமாசம். எனக்குத்தான் முதல்ல வேணும். வலி எடுத்தா உம்ம தரிசு வரைக்கும் அவ நடப்பாளா? கடைத்தெரு நடுவுல பழைய யானைக்கொட்டில் காலியா நாறிக் கிடக்கு. அங்க கட்டும். மக்கள் நலம் ஒன்றே போதும்னு நீர்தானே சொன்னீர்?"

ராயர் மெல்லத் தன் இருக்கைப் பக்கம் நகர்ந்தார்.

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "உம் செலவு என்றும் சொன்னீர், ராயரே."

"அப்படியானால்... என் சந்தை?"

ராஜா சடைச்சியைப் பார்த்தான்.

"கட்டட்டும் மகாராஜா. மூங்கிலும் வைக்கோலும் எங்க தெருவுக்குள்ள வந்தா நடக்க இடமில்ல, அதெல்லாம் அங்க விக்கட்டும். வேணும்னா கத்தரிக்காயும் விக்கட்டும்! ஆனா வண்டிக்காரன் இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகணும். எந்தக் காய் நல்ல காய்னு வாங்கறவங்க பார்த்துக்குவாங்க."

ராஜா அந்த உத்தரவை அங்கேயே கிழித்துப் போட்டான். முத்துமாலையைக் கழற்றி அவளிடம் நீட்டி, "இதற்குக் கொசுறாக என்ன வேண்டும்?" என்றான்.

"கொட்டிலுக்குப் பின்னால இடம் கிடக்கு. பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டிக் கொடுங்க. ராயர் சொன்ன தனி ஊஞ்சலையும் அங்கயே கட்டுங்க, நீங்களும் வந்து ஆடலாம்."

"ஆகட்டும். ராயரே, இனிமேல் அரண்மனைக்குக் காய் வாங்குவது உம் பொறுப்பு. பல்லக்கு கூடாது, நடந்து போம். புழு இருந்தால் நீரே சாப்பிடும்."

கொட்டிலைக் கழுவி, வெள்ளையடித்து, வைத்தியர்களை அமர்த்தினார்கள். சுண்ணாம்பு ஈரம் காய்வதற்குள் அங்கே முதல் அழுகுரல் கேட்டது. சடைச்சிக்குப் பேத்தி!

அன்று மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க, கையில் பையோடு ராயர் கடைமுன் வந்து நின்றார்.

"பேத்தி பிறந்திருக்கிறாளாமே. இன்றைக்காவது கொசுறு கொஞ்சம் கூடப் போடக்கூடாதா, அம்மா?"

சடைச்சி கைநிறையக் கறிவேப்பிலையை அள்ளினாள். ஆனால் பையில் போடவில்லை.

"போடறேன் ராயரே. முதல்ல காயைப் புரட்டிப் பாரும்."