கொண்டுவந்த மண்ணுக்கு மட்டும்

கரிசல் சீமையில் ஒரு மண் பரிசோதனைக் கூடம் இருந்தது. நடத்தியவர் ரெஜினா மேடம். பாலிடெக்னிக்கில் அவரிடம் படித்த வேலாயுதம், தலை நரைத்த பிறகும் அவரிடமே வேலை பார்த்தார். அறிக்கைகளில் கையெழுத்துப் போடுவது இப்போது வேலாயுதம்தான்.

கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். மேலே நிற்கும் வீட்டையும் சேர்த்துத் தூக்கி இறக்கும். அதனால் அஸ்திவாரம் போடுமுன் மண்ணைச் சோதிக்கச் சொல்லிச் சட்டம் இருக்கிறது. காண்டிராக்டர்களும் ஒழுங்காகச் சோதிக்கிறார்கள். எந்த மண்ணை என்பதுதான் விஷயம்.

ஒருநாள் மாடத்தி என்ற பெண் வந்தாள். கண்மாய்க் கரையிலிருந்து கிளப்பிப் புதுக் காலனியில் குடிவைத்த ஜனங்களில் ஒருத்தி. முந்தானையை அவிழ்த்து ஒரு கறுப்பு மண்கட்டியை மேசைமேல் வைத்தாள்.

"எங்க வீட்டு அடியில தோண்டுனது சார். மழை பெஞ்சதும் தரை மேல வந்துட்டு. கதவு நிலையோட இறுகிட்டு. உள்ள எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. கடப்பாறையப் போட்டுக் கதவைப் பேத்து எடுக்கறதுக்குள்ள..."

ரெஜினா மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மாடத்தி உட்காரவில்லை.

"நான் செவத்தோரம் துணி துவைச்சதுதான் காரணம்னு காண்டிராக்டர் சொல்றாரு. நல்ல மண்ணுன்னு நீங்க எழுதிக் குடுத்த காயிதத்தைக் காட்டுறாரு. மத்த வீடுகள்லயும் பிள்ளைகுட்டியோட ஆளுக இருக்கு. அடுத்த மழைக்குள்ள அவுகள வேற எடத்துக்கு மாத்தணும்னா, இது கெட்ட மண்ணுன்னு ஒரு காயிதம் வேணுமாம்."

அவள் போனதும் வேலாயுதம் பழைய அறிக்கையின் நகலைத் தேடி எடுத்தார். காண்டிராக்டர் அன்றைக்குச் சாக்கில் கொண்டுவந்து இறக்கியது சரளை கலந்த செம்மண். அந்தக் காலனியைச் சுற்றி எங்கே அலைந்தாலும் ஒரு கூடை செம்மண் கிடைக்காது. இது வேலாயுதத்துக்குத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன்.

"நான் பொய் எழுதலை மேடம். கடைசி வரியைப் பாருங்க. 'இம்முடிவு கொண்டுவந்த மண்ணுக்கு மட்டுமே பொருந்தும்.'"

ரெஜினா மேடம் அதைப் பார்க்கவில்லை.

"அந்த அம்மா கொண்டுவந்ததைக் காயவச்சுப் பொடி பண்ணு," என்றார்.

வேலாயுதம் பொடித்துச் சலித்தார். அளவு போட்ட கண்ணாடிக் குடுவைகள் இரண்டில் சமமாகப் போட்டார். ஒன்றில் தண்ணீர் ஊற்றினார், இன்னொன்றில் மண்ணெண்ணெய். மண் எவ்வளவு ஊதும் என்று பார்க்க எப்போதும் செய்கிற சோதனைதான்.

மறுநாள் பார்த்தபோது தண்ணீரில் கிடந்த மண் இரண்டு மடங்குக்கு மேல் ஊதியிருந்தது. மண்ணெண்ணெயில் போட்டது போட்டபடியே இருந்தது.

"ரெண்டும் ஒரே மண்ணுதானே?" என்றார் மேடம்.

"ஆமா மேடம்."

"மண்ணெண்ணெயில கிடக்கிறது பொய் சொல்லுதா?"

"இல்ல. அதுமேல தண்ணி படலை."

"உன் ரிப்போர்ட்டும் அப்படித்தான்."

வேலாயுதத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. உட்கார்ந்து புது அறிக்கையை எழுதினார். அதிகம் ஊதும் மண், இந்த அஸ்திவாரம் தாங்காது என்று எழுதிவிட்டுக் கடைசியில் பேனாவை நிறுத்தினார்.

"மேடம், அந்தக் கடைசி வரி?"

"எல்லாருக்கும் போடுறதுதானே. போடு."

"போட்டா அதிகாரிங்க தள்ளிடுவாங்க. எந்த இடத்து மண்ணு, யார் தோண்டினது, யார் பார்த்ததுன்னு அந்த அம்மாவைக் குடைஞ்சு எடுத்திருவாங்க."

"குடைவாங்க. காண்டிராக்டர்கிட்ட நீ அதுல ஒண்ணாவது கேட்டியா?"

மூலையில் மண் எடுக்கும் துளைக்கருவி சாய்ந்திருந்தது. அதன் நுனியில் துரு ஏறியிருந்தது. வேலாயுதத்தின் கண் அதன்மேல் போயிற்று.

"நானே போய்த் தோண்டி எடுத்துட்டு வந்தா அந்த வரி வேண்டாம் மேடம்," என்று எழுந்தார். "மாடத்தி வீடு எதுன்னு கேக்காம விட்டுட்டேன்."

"யாரையும் கேக்க வேண்டாம்," என்றார் ரெஜினா மேடம். "கதவு இல்லாத வீடு."