கட்டிலைத் தேடுறான்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பயிற்சி மையம் ஒன்றில் வேலை பார்த்த தோழி சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

அங்கே ஆசிரியர் இன்பவல்லிக்கு வயது இருபத்தொன்பது. அவரிடம் பயிற்சிக்கு வந்த சகாயமேரிக்கு நாற்பத்தாறு.

ஒரு மதியம் சகாயமேரி ஒரு கோப்பினை மேசையில் போட்டார்.

"இந்தப் பையனை லிஸ்ட்ல இருந்து எடுத்துடலாம் மேடம்."

"யாரு?"

"முகிலன். நாலு வயசு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் தூங்கறதில்ல. தூங்கறதுக்கு முன்னாடி வரிசையாக் காட்டச் சொல்லி அவங்கம்மாகிட்ட மூணு பட அட்டை கொடுத்தேன். குளியல், பல் விளக்கறது, கட்டில். முதல் ரெண்டும் சமத்தாச் செய்யறானாம். கட்டிலைக் காட்டினா அட்டையை வீசிட்டுக் கத்தறானாம். உடனே அந்தம்மா போனைக் கையில கொடுத்துடறாங்க. சொன்னா கேட்டாத்தானே? இந்த இடத்துக்கு வெளியில பதினஞ்சு பிள்ளைங்க காத்திருக்கு."

கோப்பின் மேல் சிவப்பு மையில் எழுதியிருந்தது: தாய் ஒத்துழைக்கவில்லை.

இன்பவல்லி உள்ளே இருந்த தாள்களைப் படித்தார். முகம் இறுகியது. எழுந்து போய் அலமாரியிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்து வந்து வைத்தார். கை கழுவுதல். நாற்காலி. டீ.

"செய்ங்கக்கா."

சகாயமேரி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். டீ வரவில்லை.

"மறுபடி முதல்ல இருந்து."

"டீ எங்க மேடம்?"

"அட்டையில இருக்கே. மறுபடி."

இரண்டாம் முறையும் வரவில்லை. மூன்றாம் முறை சகாயமேரி டீ அட்டையைச் சுவரில் எறிந்தார்.

"என்ன மேடம், விளையாடறீங்களா? உங்க சித்தி வயசு எனக்கு!"

இன்பவல்லி சிவப்புப் பேனாவை எடுத்து, கோப்பில் இருந்த வரிக்குக் கீழே எழுதினார்: சகாயமேரி ஒத்துழைக்கவில்லை.

பிறகு தாள்களை அவர் பக்கம் தள்ளினார். அந்தத் தாய் தினமும் நிரப்பிய தூக்கக் குறிப்பு. 'மற்றவை' என்ற கடைசிக் கட்டத்தில், கோணலான எழுத்தில், 'கட்டிலைத் தேடுறான்.' அடுத்த நாளும் அதே வரி. அதற்கடுத்த நாளும்.

"இதைப் படிச்சீங்களா?"

"தூங்கின நேரத்தை மட்டும் பார்த்தேன்."

"அவங்க வீட்டுல கட்டில் இருக்கா?"

"இல்ல. பாய்தான்." சகாயமேரியின் குரல் இறங்கியது. "அது வெறும் படந்தானே மேடம். கட்டில்னா தூங்கணும்னு அவனுக்குப் புரியலையோ என்னவோ."

"டீன்னா என்னன்னு உங்களுக்குப் புரிஞ்சுது. அதனாலதான் எறிஞ்சீங்க."

சகாயமேரி எழுந்து, சுவரோரம் கிடந்த அட்டையை எடுத்தார்.

"நான் இப்ப என்ன செய்யணும்?"

"அந்த வீட்டுக்குப் போங்க. அவன் படுக்கற பாயைப் போட்டோ எடுத்து அட்டை செய்ங்க. அதுக்கு முன்னாடி மன்னிப்புக் கேளுங்க."

"அந்தம்மாகிட்டயா?"

"அவங்ககிட்டயும்."

கோப்பில் இருந்த இருபத்தாறு நாள் குறிப்பிலும் அந்த வரி இருந்தது என்றாள் தோழி. பிறகு ஒருநாள் அந்தத் தாயைச் சந்தித்தேன்; தாள்களின் நகலைக் காட்டினார். எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது நாள்தான். கடைசி ஏழு நாள் கட்டம் காலியாக இருந்தது. "யாரும் படிக்கலை, அதான் எழுதறதை விட்டுட்டேன்" என்றார் அந்தத் தாய்.